பட்டத்திற்கும் வேலைக்கும் நடுவே

(ஊழியப் பங்காளர்கள் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவமனையிலிருந்து ஒருவர் பேச வந்தால் புதிய கட்டடத்தைப் பற்றிப் பேசுவார், அல்லது புதிய எக்ஸ்ரே இயந்திரத்தைப் பற்றிப் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. கல்லூரியில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவ மாணவியரை வேலைக்கு ஆயத்தப்படுத்துவதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். "இது கல்லூரிக்காரர்கள் பேச வேண்டிய விஷயமாயிற்றே, ஆஸ்பத்திரிப் போதகருக்கு இதில் என்ன வேலை?" என்று சிலருக்குத் தோன்றலாம். அதற்குப் பதில் சொல்லவே முதலில் உங்களை வேலூருக்கு அழைத்துச் செல்கிறேன்.

வேலூரில் கற்ற பாடம்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார் என்பதை நீங்கள் அறிவீர்கள். உலகமெங்கும் பாராட்டப்பட்ட சிகிச்சை அது. ஆனால் கை சரியாகி வீடு திரும்பியவர்களில் சிலர் அவரிடம் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். மடங்கிய கையை நீட்டியபோது இரக்கப்பட்டுக் காசு போட்டவர்கள், நிமிர்ந்த கையைப் பார்த்ததும் போடவில்லை. தொழுநோய் வந்தவர் என்பதால் வேலை கொடுக்கவும் எவரும் முன்வரவில்லை. பிச்சையும் இல்லை, கூலியும் இல்லை என்ற நிலை. கையைக் குணமாக்கியதோடு மருத்துவரின் பணி முடியவில்லை என்று பிராண்ட் அப்போது புரிந்துகொண்டார். அதன் விளைவாக 'நவஜீவ நிலையம்' தொடங்கப்பட்டது. நிமிர்ந்த கைகளுக்கு அங்கே தொழில் கற்றுக்கொடுக்கப்பட்டது.

அதே வேலூரில் இன்னொருவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் இழந்தார். இளம் மருத்துவர். இனி இவரால் என்ன செய்ய முடியும் என்று பலரும் கலங்கினார்கள். உட்கார்ந்தபடியே கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்ய முடியுமே என்று பிராண்ட் வழி காட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று, திரும்பி வந்து அந்தத் துறையை வேலூரில் நடத்தினார். பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் உருவானது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவர் தாமாக வேலை தேடி அலையவில்லை என்பதைக் கவனியுங்கள். அவரால் எதைச் செய்ய முடியும் என்று யோசித்து, அந்த வேலையை அவர் எட்டும் உயரத்தில் வைத்துக்கொடுக்க ஒருவர் இருந்தார். திறமையும் உழைப்பும் மேரி வர்கீஸுடையவை. வாய்ப்பு இன்னொருவர் திறந்த கதவு. நமது மறுவாழ்வுப் பிரிவிலிருந்து கல்லூரிக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கும் இந்த இரண்டும் தேவைப்படுகின்றன.

பந்திக்கு முன்பு நிலம்

இதை நினைக்கும்போது மேவிபோசேத்தின் சரித்திரம் எனக்கு ஞாபகம் வரும். ஐந்து வயதில் தாதியின் கையிலிருந்து விழுந்து இரண்டு கால்களும் முடமானவன். யோனத்தானின் மகன். தாவீது அவனைத் தேடி அழைத்துத் தன் பந்தியில் உட்காரவைத்தார் என்று ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறோம். பந்தி நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் இரண்டாம் சாமுவேல் ஒன்பதாம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்தால், பந்திக்கு முன்பே தாவீது இன்னொன்றைச் சொல்லுகிறார். சவுலின் நிலங்களையெல்லாம் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறார். நடக்க முடியாதவன் உழுவது எப்படி? சீபாவும் அவனுடைய பதினைந்து குமாரரும் இருபது வேலைக்காரரும் அந்த நிலத்தைப் பயிரிட வேண்டும் என்று ஏற்பாடும் செய்கிறார்.

அருமையானவர்களே, சோறு போட்டு உட்காரவைப்பது ஒரு அன்பு. வருமானம் வரும் வழியைக் கொடுத்து, அந்த வழியில் அவன் நடக்கத் தேவையான உதவியையும் சேர்த்துக் கொடுப்பது அதைவிடப் பெரிய அன்பு. நம்முடைய சபைகள் முதலாவதை மனதாரச் செய்து வருகின்றன. இரண்டாவதைப் பற்றித்தான் இன்று கேட்க வந்திருக்கிறேன்.

காலம் எவ்வளவோ மாறிவிட்டது

இந்தப் பணி நமக்குப் புதிதல்ல. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்கும், ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பள்ளிகள் தொடங்கினார்கள். பார்வையற்றவர் என்றால் பாய் முடையவும், நாற்காலிக்குப் பிரம்பு பின்னவும் கற்றுக்கொடுப்பது நம் நாட்டில் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. அன்றைக்கு அது சோறு போட்டது. இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் பி.காம். படிக்கிறார்கள், பி.சி.ஏ. படிக்கிறார்கள், எம்.ஏ. முடிக்கிறார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாத மாணவர்களுக்கென்றே பட்ட வகுப்புகள் நடக்கின்றன.

நான் வாலிபனாக இருந்த நாட்களில் கல்லூரிக்கு வரும் மாற்றுத்திறனாளி என்றாலே பெரும்பாலும் போலியோ தாக்கிக் காலிப்பர் போட்டவராக இருப்பார். இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை நம் நாட்டில் 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச்சில் நமது பிராந்தியம் போலியோ இல்லாதது என்று சான்று கிடைத்தது. இன்று நம் வார்டுகளிலிருந்து கல்லூரிக்குத் திரும்புகிறவர்கள் வேறு பிள்ளைகள். இரு சக்கர வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், தசைச் சிதைவு நோய் உள்ளவர்கள், மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவர்கள், பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறவர்கள், பார்த்தால் ஒன்றும் தெரியாத, ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பெரும்பாடு படும் கற்றல் குறைபாடு உள்ளவர்கள்.

சட்டமும் மாறியிருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களைச் சொல்லி, அரசு வேலையில் 3 சதவீத இடம் ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைகளைச் சொல்லுகிறது. அது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு வேலைகளில் 4 சதவீதமும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்திற்குக் குறையாமலும் இடங்கள் ஒதுக்க வேண்டும். நீதிமன்றங்களும் வழி திறந்திருக்கின்றன. கைத் தசைப்பிடிப்பால் எழுத முடியாத ஒரு தேர்வருக்கு, அவர் சொல்ல எழுதித்தரும் உதவியாளரை மறுக்கக் கூடாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பார்வையற்றவர் என்ற காரணத்துக்காக ஒருவரை நீதிபதிப் பணித் தேர்விலிருந்து விலக்க முடியாது என்று 2025 மார்ச்சில் சொன்னது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். அரசு வேலை எல்லாருக்கும் கிடைத்துவிடாது. ஆகவே பெரும்பாலான பிள்ளைகள் கடை, அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, கம்பெனி என்று தனியாரிடம்தான் போய் நிற்க வேண்டும். அங்கே ஒதுக்கீடு கட்டாயம் இல்லை. அங்கே அவர்களைக் கைதூக்கிவிடுவது அவர்களுடைய ஆயத்தமும் முதலாளியின் மனமும்தான்.

பட்டம் வாங்கியும் வீட்டில்

எங்களிடம் வரும் ஒரு மகளைப் பற்றிச் சொல்லுகிறேன். குறைந்த பார்வை உள்ளவள். தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டாள், நல்ல மதிப்பெண். பட்டம் வாங்கி நான்கு வருடம் வீட்டிலேயே இருந்தாள். அவள் தகப்பனார் என்னிடம், "ஐயா, படிக்க வைக்கிறவரைக்கும் வைச்சிட்டேன். இனிமே இவளுக்கு யாரு வேலை குடுப்பா?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. ஐந்து வருடம் கல்லூரிக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தவர் அவர். மகளிடம் தனியாகப் பேசியபோது தெரிந்தது: அவள் ஒருநாள்கூடத் தனியாகப் பஸ் ஏறியதில்லை. வெள்ளைக் கம்பு பிடித்ததில்லை. கணினியில் ஒரு கடிதம் அடித்ததில்லை. தோழிகள் வாசிக்கக் கேட்டுக் கேட்டே மனப்பாடமாக எல்லாத் தேர்வும் எழுதியிருக்கிறாள். அவ்வளவு ஞாபக சக்தி உள்ள பிள்ளை!

அன்பு குறைந்த வீடு அல்ல அது. அன்பு மிகுந்த வீடு. ஆனால் கல்லூரிக் காலம் முழுவதும் படிப்பு மட்டுமே நடந்தது. வேலைக்குப் போவதற்கான ஆயத்தம் நடக்கவில்லை. அந்த ஆயத்தம் கடைசி வருடத்தில் ஒரு வாரப் பயிற்சியாக வரக் கூடாது. முதல் வருடத்திலேயே தொடங்க வேண்டும் என்பதே நான் இன்று வலியுறுத்தும் காரியம்.

என்னென்ன ஆயத்தம்?

முதலாவது, கையில் காகிதம். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை, அதாவது யு.டி.ஐ.டி. அட்டை, கல்லூரியில் சேரும்போதே கையில் இருக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பம் போடும் வாரத்தில் மருத்துவக் குழுவின் முன் நின்று சான்று வாங்க ஓடினால் கடைசித் தேதி போய்விடும். தேர்வில் மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரம், எழுதித்தரும் உதவியாளர் போன்ற உரிமைகளைக் கேட்கவும் சான்று வேண்டும். நமது மருத்துவமனை சமூகப் பணியாளர்கள் இதில் உதவுகிறார்கள்.

இரண்டாவது, கருவிகள். கணினித் திரையில் உள்ளதைச் சத்தமாக வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. 'என்.வி.டி.ஏ.' என்பது பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் உருவாக்கியது. 2006-இல் தொடங்கிய பணி. இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்' என்ற வசதி போனோடு சேர்ந்தே வருகிறது. எலியைத் தொடாமல் விசைப்பலகையிலேயே எல்லாம் செய்யப் பழகிவிட்டால், பார்வையற்ற பிள்ளை கடிதம் அடிக்கலாம், கணக்குப் பட்டியல் போடலாம், மின்னஞ்சல் அனுப்பலாம். ஆனால் இது ஓரிரு நாளில் வராது. பேச்சு வேகத்துக்குக் காது பழக மாதங்கள் ஆகும். இன்னொன்றையும் பேராசிரியர்கள் அறிய வேண்டும்: புத்தகப் பக்கத்தைப் படமாக எடுத்து அனுப்பினால் இந்த மென்பொருள் அதை நேரடியாக எழுத்தாக வாசிக்காது. எழுத்தாக அடித்த பாடக்குறிப்பைக் கொடுத்தால் அப்படியே வாசிக்கும். இதற்குக் காசு செலவில்லை.

மூன்றாவது, தனியே போய் வருதல். பஸ் ஏறுவது, வழி கேட்பது, வெள்ளைக் கம்போடு சாலையைக் கடப்பது, பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஓட்டுவது ஆகியவை பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்கள். காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க முடியும் என்று காட்ட முடியாதவருக்கு எந்த முதலாளி வேலை கொடுப்பார்?

நான்காவது, உடம்பைப் பேணுதல். ஆஸ்பத்திரிக்காரன் என்பதால் இதை ஒளிக்காமல் சொல்லுகிறேன். முதுகுத்தண்டு அடிபட்டவர்களில் பலருக்குச் சிறுநீர் தானாக வெளியேறாது. நான்கு முதல் ஆறு மணிக்கு ஒருமுறை குழாய் வைத்து எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் புண் வந்துவிடும். அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறை உள்ள கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. அதனால் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், மீண்டும் நமது வார்டு. ஒரு கதவை அகலமாக்கி ஒரு கைப்பிடி பொருத்தியிருந்தால் அந்தப் பிள்ளை அன்று வகுப்பில் இருந்திருக்கும்.

ஐந்தாவது, தன் தேவையைத் தானே வாய்திறந்து சொல்லுதல். இதுதான் கடினமானது. "எனக்கு வேலை தெரியும். மேசை கொஞ்சம் உயரமாக வேண்டும்" என்று நேர்முகத் தேர்வில் நிமிர்ந்து சொல்ல ஒரு பிள்ளைக்குப் பழக்க வேண்டும். சட்டம் இதை 'நியாயமான வசதி செய்து தருதல்' என்கிறது. ஆனால் குழந்தைப் பருவம் முதல் அம்மா பேசுவார், அப்பா பேசுவார், டாக்டர் பேசுவார். பிள்ளையைப் பற்றியே பேசுவோம், பிள்ளையிடம் பேசமாட்டோம். நமது மறுவாழ்வுப் பிரிவில் இதற்காக ஒரு சிறு வழக்கம் வைத்திருக்கிறோம். கல்லூரி மாணவர் வந்தால் கேள்விகளைப் பெற்றோரிடம் கேட்பதில்லை. பிள்ளை பதில் சொல்லும்வரை காத்திருக்கிறோம். சில நேரம் வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆறாவது, படிக்கும்போதே வேலை அனுபவம். மற்ற மாணவர்கள் விடுமுறையில் மாமா கடையில் நிற்பார்கள், சித்தப்பாவின் அலுவலகத்தில் உதவுவார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளையை எவரும் அழைப்பதில்லை. ஆகவே 22 வயதில் நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, சொல்லிக்கொள்ள ஒரு நாள் வேலை அனுபவமும் அவரிடம் இருப்பதில்லை.

நான்கு மரக்கட்டைகள்

எங்களிடம் இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கும்போது விபத்தில் அடிபட்டு வந்த ஒரு தம்பி இருந்தான். முதல் மூன்று மாதமும், "நான் நடப்பேனா?" என்பதே கேள்வி. அதன் பிறகு ஒரு மாலை, வேறு கேள்வி கேட்டான்: "ஐயா, நான் இனி என்ன செய்வேன்?" முதல் கேள்விக்கு டாக்டர்கள் பதில் சொன்னார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு ஊரே தேவைப்பட்டது.

கல்லூரியில் அவன் வகுப்பு மாடியில் இருந்தது. முதல்வர் பெருந்தன்மையோடு அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றினார். நண்பர்கள் இருவர் வாசற்படிக்குச் சாய்வுப் பலகை போட்டார்கள். ஆனால் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அதுவல்ல. கடைசி வருட விடுமுறையில் நமது பங்காளர் ஒருவரின் நண்பரான தணிக்கையாளர், இரண்டு வாரம் தன் அலுவலகத்தில் வந்து உட்காரச் சொன்னார். முதல் நாள் போனபோது சக்கர நாற்காலியின் கைப்பிடி மேசைக்கடியில் நுழையவில்லை. தணிக்கையாளர் தச்சரைக் கூப்பிட்டு மேசைக் கால்களுக்கு அடியில் நான்கு மரக்கட்டைகளை வைத்தார். அவ்வளவுதான் வேலை. இரண்டு வாரம் முடிந்ததும், "இந்தப் பையன் கணக்குப் பார்ப்பதில் தவறு வருவதில்லை, படிப்பு முடிந்ததும் வரச் சொல்லுங்கள்" என்றார். இன்று அங்கேதான் இருக்கிறான். முதல் மாதச் சம்பளத்தில் தாயாருக்குச் சேலை எடுத்துக் கொடுத்தான். அந்தத் தாயார் அதைக் கட்டிக்கொண்டு வார்டுக்கு வந்து நர்சுகளிடம் காட்டினார்கள்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. காது கேளாத ஒரு தம்பி, பி.சி.ஏ. படித்தவன், ஒரு நிறுவனத்தில் சேர்ந்தான். கணினி வேலை தெரிந்தும் சாமான் கட்டும் பிரிவில் போட்டார்கள். அவன் எழுதும் வாக்கியங்களில் வேற்றுமை உருபு தவறுகிறது, ஆகவே அறிவு குறைவு என்று நினைத்துவிட்டார்கள். அவன் வளர்ந்த மொழி சைகை மொழி. அதற்குத் தனி இலக்கணம் உண்டு. தமிழும் ஆங்கிலமும் அவனுக்கு இரண்டாம், மூன்றாம் மொழிகள். இதை விளக்கிச் சொல்ல நேர்முகத் தேர்வில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்திருந்தால் போதும். ஆறு மாதத்தில் மனமுடைந்து வேலையை விட்டுவிட்டான். இப்போது மீண்டும் தேடுகிறான்.

எம்.ஏ. முடித்த மகளைப் பற்றிக் கேட்பீர்கள். மூன்று மாதத்தில் கம்பு பிடித்து நடக்கவும், பஸ் ஏறவும், போனையும் கணினியையும் காதால் வாசிக்கவும் கற்றுக்கொண்டாள். முதன்முதலில் தனியாகப் பஸ்ஸில் நமது மருத்துவமனைக்கு வந்த நாளில், அவள் தகப்பனார் அடுத்த பஸ்ஸில் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்து சேர்ந்தார்! ஆறு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். வேலை இன்னும் கிடைக்கவில்லை. அவளுக்காக ஜெபியுங்கள். கூடவே, உங்களில் எவருக்காவது எழுத்து வேலைக்கு ஆள் தேவையானால் என்னிடம் சொல்லுங்கள்.

முடியும் என்று காட்டியவர்கள்

முதலாளிகளின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பார்த்திராத ஒன்றைப் பற்றிப் பயம் வருவது இயல்பு. ஆகவே பார்த்த சிலரைச் சொல்லுகிறேன். சென்னையைச் சேர்ந்த பெனோ செபின் முழுவதும் பார்வையற்றவர். ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்தார். ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகப் பணிபுரிந்தார். பின்பு குடிமைப் பணித் தேர்வில் வென்று, 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையிழப்புடன் அந்தப் பணியில் சேர்ந்த முதல் ஆள் அவரே.

தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர் ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து அதை வளர்த்த சங்கர ராமன், தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியிலிருந்தே பட்டயக் கணக்காளர் ஆனவர். கல்லூரி வயதில் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று ஊர் நினைத்த ஒருவரும், நோயோடு படித்து முன்னேறிய ஒருவரும் சேர்ந்து எத்தனையோ பேருக்கு வாழ்வு கொடுத்திருக்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது

பங்காளர்களே, சக்கர நாற்காலிகளுக்காகவும் காதொலிக் கருவிகளுக்காகவும் நீங்கள் அனுப்பும் காணிக்கைகளை நன்றியோடு நினைக்கிறோம். பிள்ளைகளை வார்டிலிருந்து வகுப்பறைவரை கொண்டுவந்தது அந்தக் காணிக்கைதான். இன்று பணத்தோடு சேர்த்து வேறு சிலவற்றைக் கேட்கிறேன்.

உங்களில் கடை வைத்திருப்பவர்கள் உண்டு. பள்ளித் தாளாளர்கள் உண்டு. வங்கியிலும் கம்பெனியிலும் பொறுப்பில் இருப்பவர்கள் உண்டு. ஒரு மாற்றுத்திறனாளி மாணவருக்கு விடுமுறையில் இரண்டு வாரம் உங்கள் இடத்தில் வேலை பழகக் கொடுங்கள். வேலை தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டாம். இரண்டு வாரம் பாருங்கள், அவரும் உங்களைப் பார்க்கட்டும். எந்த நிறுவனமானாலும், சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் சொல்லுகின்றன. உங்கள் நிறுவனத்தில் அது இருக்கிறதா என்று நாளைக்கே விசாரியுங்கள்.

பணி ஓய்வு பெற்றவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். வாரம் ஒரு மணி நேரம் ஒரு மாணவரோடு உட்கார்ந்து பயோடேட்டா எழுதவும், நேர்முகத் தேர்வுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் பழக்குங்கள். தேர்வில் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்க வாலிபர்கள் முன்வாருங்கள். எத்தனையோ பிள்ளைகள் எழுத ஆள் கிடைக்காமல் தேர்வு நாளன்று காலையில் அலைகிறார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பாதுகாப்பு உங்கள் பிள்ளைக்கு வேண்டும். ஆனால் உங்களுக்குப் பிறகும் உங்கள் பிள்ளை வாழ வேண்டும். ஒரு பஸ் தூரமாவது தனியே விட்டுப் பாருங்கள். பின்னாலேயே வேறு பஸ்ஸில் போனாலும் பரவாயில்லை.

கடைசியாக, நம்முடைய சொந்த வீட்டைப் பற்றி. நமது ஆலயங்களுக்கும், சபை நடத்தும் பள்ளிகளுக்கும், அலுவலகங்களுக்கும் எத்தனை படிக்கட்டுகள் இருக்கின்றன என்று அடுத்த ஞாயிறு எண்ணிப் பாருங்கள். அந்தப் படிகளுக்கு மேலே சம்பளம் வாங்கும் வேலையில் எத்தனை மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள் என்பதையும் எண்ணுங்கள். இரண்டு எண்களையும் சபைக் கமிட்டியில் சொல்லுங்கள். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆண்டும் நமது மறுவாழ்வுப் பிரிவோடு தொடர்புள்ள பிள்ளைகள் சிலர் கடைசி வருடத் தேர்வு எழுதப்போகிறார்கள். தேர்வு முடிந்த மறுநாள் அவர்களுடைய வீட்டில் என்ன நடக்கும் என்பது, இடையில் இருக்கும் இந்தச் சில மாதங்களில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. வேலை பழக இடம் தர விரும்புகிறவர்கள், வாசல் அருகே உள்ள மேசையில் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போகும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். நமது சமூகப் பணியாளர் ஒரு வாரத்துக்குள் உங்களைத் தேடி வருவார். மேசைக்கு அடியில் வைக்க மரக்கட்டை தேவைப்பட்டால் அதையும் நாங்களே கொண்டுவருகிறோம்.

கர்த்தர் உங்களையும் உங்கள் கைகளின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக.